முடித்து வைக்க யாரும் வராத கல்யாணம்

1

"பதி கா நாம்?" என்று கேட்டாள் கணக்கெடுப்புக்கு வந்த பெண்.

புருஷன் பெயரைக் கேட்கிறாள். தாராவியில் எங்கள் சந்துக்கு அன்று மூன்று பேர் வந்திருந்தார்கள். ஒருவர் அறையை அளந்தார். ஒருவர் கதவில் நம்பர் எழுதினார். இவள் கையில் ஒரு டேப்லெட் வைத்துக்கொண்டு கேள்வி கேட்டாள். இங்குள்ள வீடுகளை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டித் தரப்போகிறார்களாம். அதற்காக யாருக்கு வீடு, யாருக்கு இல்லை என்று பட்டியல் எடுக்கிறார்கள்.

"என் பெயர் சண்முகக்கனி. அறை என் பெயரில் இருக்கிறது. கரண்ட் பில் என் பெயரில் வருகிறது. மேலே ஓடுகிற ஆறு தையல் மிஷினும் என்னுடையவை. என் பெயரை எழுது" என்று எனக்குத் தெரிந்த ஹிந்தியில் சொன்னேன்.

"எழுதிவிட்டேன். புதிய வீடு கணவன், மனைவி இரண்டு பேர் பெயரிலும்தான் வரும். இரண்டு பேர் போட்டோவும் வேண்டும்."

"அவர் இங்கே இல்லை."

"இறந்துவிட்டாரா? அப்படியானால் டெத் சர்டிபிகேட் கொடுங்கள்."

"இறக்கவில்லை."

"டைவர்ஸா? கோர்ட் பேப்பர் கொடுங்கள்."

"அதுவும் இல்லை. இருபத்து நாலு வருடமாகத் தனியாக இருக்கிறேன்."

அவள் திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். தனியாக இருக்கிறவளுக்கு அதில் இடம் இல்லை. கல்யாணம் ஆனவள், விதவை, விவாகரத்து ஆனவள், கல்யாணமே ஆகாதவள். இந்த நாலில் ஒன்றாகத்தான் நான் இருக்க வேண்டும். "அப்படியானால் மேரீட்தானே ஆன்ட்டி" என்று அவளே முடிவு செய்து, அங்கே ஒரு தட்டு தட்டினாள்.

அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. வீட்டுக்காரியைக் கேட்காமல் வீட்டுக்காரன் வீட்டை விற்றுவிட்டு ஓடக்கூடாது என்றுதான் இந்த இரட்டைப் பெயர் விதி வந்தது என்று பிறகு தெரிந்துகொண்டேன். பெண்களைக் காப்பாற்ற வந்த விதி. ஓடிப்போனவனுக்கு அது என் வீட்டில் பாதியைக் கொடுக்கப் பார்த்தது.

நம்மூர்க் கோயில் கொடை விழா மலருக்கு 'மும்பையில் என் வாழ்க்கை' என்று நாலு பக்கம் எழுதித் தரச் சொல்லி மலர்க் குழுவில் கேட்டிருந்தார்கள். அதைத்தான் எழுதுகிறேன். போடுவார்களோ, மாட்டார்களோ. நீங்கள் எல்லோரும் படிக்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

2

என் புருஷன் பெயர் சுயம்புலிங்கம். உங்கள் எல்லோருக்கும் தெரிந்தவர்தான். கல்யாணம் முடிந்த மாதமே என்னை இங்கே கூட்டி வந்தார். குர்லாவில் ஒரு லேத் பட்டறையில் அவருக்கு வேலை. மகேஷும் ரேகாவும் இங்கேதான் பிறந்தார்கள். மகேஷுக்கு நாலு வயது, ரேகாவுக்கு இரண்டு வயது இருக்கும்போது, "அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, பார்த்துட்டு பத்து நாள்ல வாரேன்" என்று ரயில் ஏறினார். அடிதடி கிடையாது, குடி கிடையாது, சண்டைகூடக் கிடையாது. பத்து நாள் ஒரு மாதம் ஆனது, ஒரு மாதம் ஒரு வருடம் ஆனது. ஊரில் மாமனாருடைய கடையை அவரே எடுத்து நடத்துகிறார் என்று செய்தி வந்தது. நான் போட்ட கடிதங்களுக்குப் பதில் வரவில்லை.

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊருக்கு வருகிறேன் என்று எஸ்.டி.டி. பூத்திலிருந்து அண்ணனிடம் சொன்னேன். "வேண்டாம் கனி. நீ இப்ப வந்தா சண்டையாத்தான் போவும். பொறு. ஆம்பள, மனசு ஆறினா அவனே வருவான்" என்றான்.

சரி, கோர்ட்டில் கேட்கிறேன் என்றேன். "கோர்ட்டா? நாளைக்கு உன் மவளுக்கு எவன் மாப்பிள்ளையா வருவான்?" என்று கேட்டான். ரேகாவுக்கு அப்போது மூன்று வயது.

நான் ஒரு கார்மெண்ட் பட்டறையில் நூல் வெட்டும் வேலைக்குப் போனேன். தைத்து முடித்த சட்டைகளில் தொங்கும் நூல் பிசிறுகளை வெட்டுகிற வேலை. பிறகு மிஷினில் உட்கார்ந்தேன். கழுத்தில் கிடந்த தாலியைக் கழற்றவில்லை. பக்தி ஒன்றும் இல்லை. தாலி இருந்தால்தான் தனிப் பெண்ணுக்கு இங்கே அறை வாடகைக்குக் கிடைத்தது.

மகேஷைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது அப்பா கையெழுத்து வேண்டும் என்றார்கள். என்னை விட்டுவிட்டுப் போய்விட்டார் என்று சொல்ல நினைத்து, "மேரா பதி சூட் கயா" என்று சொன்னேன். டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். 'சோட் கயா' என்று சொல்லியிருக்க வேண்டுமாம். நான் சொன்னதற்கு, ரயிலைத் தவற விடுகிற மாதிரி புருஷனைத் தவற விட்டுவிட்டேன் என்று அர்த்தமாம். அவள் சிரித்ததைவிட எனக்குப் பொறுக்காதது, பக்கத்தில் நின்ற மகேஷும் சேர்ந்து சிரித்ததுதான். என்னைவிட அவனுக்கு அப்போதே ஹிந்தி நன்றாகத் தெரியும்.

நாலு வருடம் கழித்து, அவர் ஊரில் ஒருத்தியோடு இருக்கிறார் என்று ஒரு பேச்சு வந்தது. அண்ணனைக் கேட்டேன். "சும்மா ஊர்ப்பேச்சு. அப்படி ஒண்ணும் இல்ல" என்றான். நம்பினேன். கூடப்பிறந்தவன் சொன்னால் நம்பத்தானே செய்வோம்? ரேகா கல்யாணத்துக்கு அடித்த பத்திரிகையில்கூட அவர் பெயரைப் போட்டேன். அவர் வரவில்லை. பெண்ணைக் கட்டிக் கொடுத்தது நான். 'சுயம்புலிங்கம் அவர்களின் புதல்வி' என்று அச்சடித்து ஊரெல்லாம் கொடுத்தேன். இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

3

கணக்கெடுப்புக்குப் பிறகு மாட்டுங்காவில் ஒரு வக்கீலம்மாவைப் போய்ப் பார்த்தேன். மூன்று தலைமுறையாக மும்பையில் இருக்கும் தமிழ்க் குடும்பம். நான் சொன்னதை எல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு, "இருபத்து நாலு வருஷம் ஆனாலும் சரி, அம்பது வருஷம் ஆனாலும் சரி, பிரிஞ்சு இருந்தா கல்யாணம் தானா முடியாது. கோர்ட் தீர்ப்பு வர வரைக்கும் நீங்க அவரோட மனைவிதான்" என்றார்.

"அப்ப அவருக்கு என் வீட்டுல உரிமை உண்டுங்கியளா?"

"உயில் எழுதி வெச்சிருக்கேளா?"

"இல்ல."

"நாளைக்கே உங்களுக்கு ஒண்ணு ஆயிடுத்துன்னு வெச்சுக்கோங்கோ. உங்க ரூம், மிஷின், பேங்க்ல இருக்கறது எல்லாத்தையும் மூணு பேருக்குச் சமமாப் பிரிப்பா. பையன், பொண்ணு, அவர்."

நூல் வெட்டி வெட்டிக் காய்த்துப்போன என் விரல்களைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

வக்கீலம்மா எனக்கு இருந்த உரிமைகளையும் சொன்னார். விட்டுப்போன நாளிலிருந்து ஜீவனாம்சம் கேட்டிருக்கலாம். இரண்டு வருடம் கைவிட்டுப் போயிருந்தாலே அந்தக் காரணத்தைச் சொல்லி விவாகரத்து கேட்கலாம்; அதற்கு ஊருக்கு அலைய வேண்டியதில்லை, நான் குடியிருக்கிற இடத்து கோர்ட்டிலேயே போடலாம். அவர் முதலில் இறந்தால் அவர் சொத்தில் மனைவியின் பங்கு எனக்கு வரும். கூட ஒரு பெண் இருந்தாலும் அவளுக்கு மனைவி என்று எதுவும் வராது. அவளுக்குப் பிள்ளை இருந்தால் அதற்கு உண்டு.

இவ்வளவும் சட்டத்தில் இருந்திருக்கிறது. நான் சோற்றுக்கு இல்லாமல் பிள்ளைகளுக்கு வடாபாவ் வாங்கிக் கொடுத்துவிட்டுத் தண்ணீர் குடித்துப் படுத்த வருடங்களிலும் இருந்திருக்கிறது. ஊரிலிருந்து போன் செய்தவர்களில் ஒருவர்கூட எனக்கு இதைச் சொன்னதில்லை. பொறு என்று மட்டும் எல்லோருக்கும் சொல்லத் தெரிந்திருந்தது.

அந்த வாரமே உயில் எழுதினேன். எனக்குப் பிறகு எல்லாம் மகேஷுக்கும் ரேகாவுக்கும் என்று எழுதி, இரண்டு சாட்சிகளை வைத்துக் கையெழுத்துப் போட்டேன். "இது நீங்க போனப்பறம்தான் செல்லும். புது வீட்டுல அவர் பேர் வராம இருக்கணும்னா விவாகரத்துதான் வழி" என்றார் வக்கீலம்மா. அதற்கும் மனுப் போட்டோம். என்னைக் கைவிட்டுப் போனார் என்பது காரணம்.

4

நவி மும்பை நெருளில் இருக்கும் மகேஷ் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். அவன் ஒரு கம்பெனியில் நல்ல வேலையில் இருக்கிறான். மருமகள் மராத்திப் பெண். வீட்டில் ஹிந்திதான் பேச்சு. நான் போனால் மட்டும் எனக்காகத் தமிழை எடுப்பான்.

"அம்மா, சோடோ நா, விடு. பேர்தானே? போட்டுட்டுப் போ. இந்த வயசுல டைவர்ஸ்னா என் ஆபீஸ்ல என்ன சொல்வேன்?"

"உன் ஆபீசுல ஏன்லே சொல்லணும்? பாதி வீடு அவருக்குப் போவும்லே."

"அப்படி எல்லாம் கேக்க மாட்டார். பப்பா அந்த மாதிரி ஆள் இல்ல."

அவன் பப்பா என்று சொன்னதும் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தேன். நாலு வயதில் விட்டுப்போனவரை இவன் இப்படிப் பழக்கமாகச் சொல்கிறான் என்றால்?

"உனக்கு எப்படித் தெரியும், அவர் எந்த மாதிரி ஆளுன்னு?"

மருமகள் உள்ளே எழுந்து போனாள். மகேஷ் அவரோடு இரண்டு வருடமாகப் பேசிக்கொண்டிருக்கிறானாம். இவனுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்பதால் அவர் குரலைப் பதிவு செய்து அனுப்புவாராம். தாராவியில் புது வீடு வரப்போகிறது என்று இவன்தான் சொல்லியிருக்கிறான்.

"அப்பா வேணும்னு எனக்கும் இருக்கும்ல?" என்றான்.

அவனுக்கும் இருந்திருக்கும். நான்தான் கவனிக்கவில்லை. ஆனாலும் அன்று அவன் வீட்டில் சாப்பிடாமல் கிளம்பினேன். ரயிலில் ஒரு பெண் இடம் விட்டாள். உட்காரத் தோன்றாமல் நின்றுகொண்டே வந்தேன்.

மனுவுக்கு அவர் பதில் ஒரு மாதத்தில் வந்தது. வக்கீலம்மா ஆங்கிலத்தில் இருந்ததைப் படித்துத் தமிழில் சொன்னார். அவர் என்னைக் கைவிடவே இல்லையாம். நான்தான் மும்பை வாழ்க்கையை விட்டு ஊருக்கு வர மறுத்தேனாம். இன்றும் என்னோடு சேர்ந்து வாழத் தயாராக இருக்கிறாராம். பட்டறை வேலையில் அவர் சேர்த்த பணத்தில் வாங்கிய அறை என்பதால் அதில் அவருக்கும் உரிமை உண்டாம். அந்த அறையை நான் வாங்கியது அவர் போய் ஒன்பது வருடம் கழித்து.

"இன்னொரு கல்யாணம் பண்ணிண்டது நிஜம்னா, அதுக்கு ஒரு ஆதாரம் கொண்டு வாங்கோ. சேர்ந்து வாழத் தயார்ங்கற பேச்சு அதோட போயிடும்" என்றார் வக்கீலம்மா.

ஊரில் உங்களில் ஆறு பேருக்குப் போன் செய்தேன். யார் யார் என்று எழுத மாட்டேன். உங்களுக்கே தெரியும். "எங்களை என்னத்துக்கும்மா இழுக்கே?" என்றார் ஒருவர். "எனக்கு ஞாபகம் இல்லம்மா" என்றார் இன்னொருவர். ஒருவர் நான் பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிட்டார். அண்ணன், "அவனுக்கு வயசாயிட்டு கனி. பேரு இருந்துட்டுப் போட்டுமே. சாகும்போது ஒனக்கு சுமங்கலியாப் போவாண்டாமா?" என்றான்.

5

ஒருநாள் மத்தியானம் மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. படி இறங்கிச் சந்துக்கு வந்தேன்.

"அக்கா, நான் ஜெயக்கொடி பேசுதேன்."

"எந்த ஜெயக்கொடி?"

"அவிய கூட இருக்கேன்லா, அது நான்தான்" என்றாள்.

வைத்துவிடலாம் என்றுதான் விரல் போனது. அவள் அதற்குள் பேசத் தொடங்கிவிட்டாள். இருபது வருடமாக அவர் கடையில் உட்கார்ந்து வியாபாரம் பார்ப்பது அவள்தான். ஒரு மகள், காலேஜில் படிக்கிறாள். கல்யாணம் பேசும்போது, மும்பைக்காரி ஒத்துக்கொண்டு எழுதிக் கொடுத்துவிட்டாள், எல்லாம் முடிந்துவிட்டது என்று அவள் அப்பாவிடம் சொல்லித்தான் கட்டியிருக்கிறார்கள். என் வக்கீல் நோட்டீஸ் கடைக்கு வந்த அன்றுதான், எதுவும் முடியவில்லை என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

"நான் கேட்டேன்க்கா. அப்ப நான் ஒமக்கு யாருன்னு கேட்டேன். சும்மா கெடன்னுட்டாவ. ஒங்ககூட சேர்ந்து வாழுதேன்னு எழுதிக் கொடுத்திருக்காவளாமே?"

"ஆமா."

"அப்ப நானும் எம் புள்ளையும் எங்க போவ?"

அவள் அழவில்லை. குரல் கரகரவென்று இருந்தது. எனக்கு இருந்த அதே கோபம் அவளுக்கும் இருந்தது. ஊர்ப்பேச்சு வந்த நாளில், யாரென்றே தெரியாத அவளை என்னென்னவோ சொல்லித் திட்டியிருக்கிறேன். அவளையும் ஏமாற்றித்தான் கட்டி வைத்திருக்கிறார்கள்.

"கல்யாண போட்டோ இருக்கு. அனுப்பட்டா?" என்றாள்.

"ஏளா, அதைக் காட்டினா உன் கல்யாணம் செல்லாதுன்னு ஆயிரும். தெரியும்லா?"

"இப்ப மட்டும் செல்லுதாக்கும்? நீங்க முடிச்சாத்தான் எனக்கு ஒரு வழி பொறக்கும். அனுப்புதேன்."

ஆல்பத்தின் ஒரு பக்கத்தை அப்படியே படம் எடுத்து அனுப்பியிருந்தாள். மாலையும் கழுத்துமாக அவர். பக்கத்தில் தலை குனிந்த ஒரு சின்னப் பெண். பின்னால் நீங்கள். விரலால் பெரிதாக்கி ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். போனில் 'எனக்கு ஞாபகம் இல்லம்மா' என்றவர் முதல் வரிசையில் நிற்கிறார். என் கல்யாணத்தில் ஆரத்தி எடுத்தவள் அங்கேயும் தட்டோடு நிற்கிறாள். தாலி வைத்த தாம்பாளத்தைக் கையில் ஏந்திக்கொண்டு, புதுச் சட்டை போட்டுச் சிரித்துக்கொண்டு நிற்பது என் அண்ணன்.

சந்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். தண்ணீர்க் குடத்தோடு வந்த பக்கத்து வீட்டுப் பெண், "க்யா ஹுவா?" என்று பதறினாள். என்ன நடந்தது என்று எந்த பாஷையில் சொல்வேன்?

அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"போட்டோ பார்த்தேன்" என்றேன்.

அவனுக்கு எந்தப் போட்டோ என்று கேட்கத் தேவைப்படவில்லை. "அவன் அப்பன் கைய புடிச்சுக்கிட்டாரு. கடையில எனக்குக் கொஞ்சம் கொடுக்கல் வாங்கல் இருந்துது. போவாம இருக்க முடியல கனி. ஒனக்குத் தெரிஞ்சா ஒடைஞ்சு போவேன்னுதான் மறைச்சேன்."

"நீ போனது போவட்டும். அதுக்குப் பொறவும் பொறு பொறுன்னு எனக்குச் சொன்னியே, அது என்னத்துக்கு?"

"ஒன் நல்லதுக்குத்தான்."

"எனக்கு அப்ப முப்பத்தொரு வயசு அண்ணே."

அவன் ஏதோ சொல்ல ஆரம்பித்தான். நான் வைத்துவிட்டேன்.

6

கோர்ட்டுக்கு சுயம்புலிங்கம் வந்தார். தலை நரைத்து, கண்ணாடி போட்டு, கொஞ்சம் கூன் விழுந்து. வழியில் பார்த்திருந்தால் அடையாளம் தெரிந்திருக்காது. முதலில் சமாதானம் பேசிப் பார்க்கிற கவுன்சிலர் அறைக்கு அனுப்பினார்கள். கவுன்சிலர் ஓர் இளம்பெண். "இருவரும் சேர்ந்து வாழ ஏதாவது வாய்ப்பு இருக்கிறதா?" என்று கேட்டாள். எல்லோரிடமும் கேட்க வேண்டிய கேள்விதான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிறுத்த முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தேன். அந்தப் பெண் தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தாள்.

சுயம்புலிங்கத்தின் வக்கீல், என் வீட்டில் அவருக்குள்ள பங்கு பற்றிப் பேச்செடுத்தார். வக்கீலம்மா மேஜை மேல் போட்டோவை வைத்தார். மனைவி இருக்கும்போது இன்னொரு கல்யாணம் செய்வது குற்றம், என் கட்சிக்காரர் இன்னும் புகார் கொடுக்கவில்லை என்று மட்டும் சொன்னார். சுயம்புலிங்கம் அந்தப் போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவர் வக்கீல் அவரை வெளியே கூட்டிப்போய்ப் பேசினார். திரும்பி வந்தபோது, சேர்ந்தே கையெழுத்துப் போட்டுப் பிரிந்துகொள்கிறோம், ஒருவர் சொத்தில் ஒருவருக்கு உரிமை இல்லை என்று எழுதச் சம்மதித்தார். புகார் வேண்டாம் என்று நான் எழுதிக் கொடுத்தது அவருக்காக இல்லை. அவர் உள்ளே போனால் ஜெயக்கொடியின் மகள் படிப்பு நிற்கும்.

வழக்கமாக ஆறு மாதம் காத்திருக்கச் சொல்வார்கள். இத்தனை வருடம் பிரிந்து இருந்தவர்களுக்கு இன்னும் என்ன காத்திருப்பு என்று வக்கீலம்மா வாதாடி அதைத் தள்ளுபடி செய்ய வைத்தார். தீர்ப்பு சொல்ல நீதிபதிக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அந்த ஐந்து நிமிடத்துக்குத்தான் என் முப்பது வயதும் நாற்பது வயதும் போயிருக்கின்றன.

வெளியே வராந்தாவில் அவர் என் பக்கத்தில் வந்து நின்றார். "ஏட்டி கனி, ஒனக்கு நான் என்ன கெடுதல் செஞ்சேன்? ஒரு நாள் கை நீட்டியிருக்கனா? ஒரு சொல்லு சொல்லியிருக்கனா? என்னைய இப்படிக் கொண்டாந்து நிறுத்திட்டியே" என்றார்.

"ஒண்ணும் செய்யல. ரெண்டு புள்ளையையும் என்னையும் விட்டுட்டுப் போயி, இருபத்து நாலு வருசமா ஒண்ணுமே செய்யல" என்றேன். "ஏட்டின்னு இனிமே கூப்பிடக்கூடாது. அதுக்கும் இன்னையோட உரிமை முடிஞ்சுட்டு."

மகேஷ் அன்று லீவு போட்டு வந்திருந்தான். யார் பக்கம் நிற்பது என்று தெரியாமல் நடுவில் நின்றான். கடைசியில் அவரை ஆட்டோவில் ஏற்றிவிட்டு என்னிடம் வந்து, "வீட்டுக்கு வா அம்மா, சாப்பிடலாம்" என்றான். போனேன். முழுதாக மன்னித்தேன் என்று சொல்ல மாட்டேன். சாப்பிட்டேன்.

தீர்ப்பின் நகலைக் கணக்கெடுப்பு அலுவலகத்தில் கொடுத்தாயிற்று. என் ஒரு பெயர், என் ஒரு போட்டோ. வீடு எப்போது வருமோ தெரியாது. வந்தால் அது எனக்கு மட்டும் வரும்.

அண்ணனோடு நான் பேசுவதில்லை. இந்தக் கொடைக்கு வரமாட்டேன். வந்தால் அந்தப் போட்டோவில் நிற்கிற ஒவ்வொருவர் முகத்தையும் பார்க்க வேண்டியிருக்கும். எனக்கு அதற்குப் பொறுமை இல்லை. இருந்த பொறுமையை எல்லாம் நீங்கள் சொல்லித்தான் செலவழித்துவிட்டேன். உங்களில் யார் வீட்டிலாவது இப்படி ஒரு பெண் காத்துக்கொண்டிருந்தால், அவளிடம் போய்ப் பொறு என்று மட்டும் சொல்லாதீர்கள்.

போன வாரம் ஜெயக்கொடி பேசினாள். ரிஜிஸ்டர் ஆபீசில் முறைப்படி கல்யாணத்தைப் பதிவு செய்துவிட்டார்களாம். அவர் இழுத்தடித்தாராம், மூன்று நாள் கடையைத் திறக்காமல் உட்கார்ந்து அவள்தான் அவரை வழிக்குக் கொண்டுவந்திருக்கிறாள். அதைச் சொல்லும்போது சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அக்கா, கடை இன்னும் அவிய பேருலதான் இருக்கு. என் பேரையும் சேக்கணும்னு சொல்லட்டா? கோவப்படுவாவளோ?" என்று கேட்டாள்.

"சொல்லாத. பத்திரம் எழுதுத ஆபீசுக்கு இன்னைக்கே கூட்டிட்டுப் போ" என்றேன். "எழுதி வாங்கிட்டு வந்து அப்புறமா சோத்துக்கு ஒலைய வையி."